முப்பது நாளில் ஒன்றும் நடக்கவில்லை

காலை பதினொன்று இருபதுக்கு அனுப்பும் கடிதத்துக்குத்தான் பதில் அதிகம் வருகிறது.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மூன்று வருடம் குறித்து வைத்துக் கண்டுகொண்டேன். ஒன்பது மணிக்கு அனுப்பினால் மற்றவர்களின் கடிதங்களுக்கு அடியில் போய்விடும். பன்னிரண்டைத் தாண்டினால் பசி வந்துவிடும். பசித்தவர்கள் முடியாது என்று எழுதுவார்கள். பதினொன்று இருபதுக்கு மனிதர்கள் கொஞ்சம் நல்லவர்களாக இருக்கிறார்கள்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். எங்கள் நிறுவனம் புகை அலாரம் செய்கிறது. கூரையில் மாட்டுவது. தட்டு அளவில் வெள்ளையாக இருக்கும். புகை வந்தால் கத்தும். வீடியோ போட்டுப் பெயர் வாங்கியவர்களுக்கு மின்னஞ்சலில் கடிதம் எழுதி, இந்த அலாரத்தைப் பற்றி அவர்களை இரண்டு வார்த்தை பேசவைப்பது என் பொறுப்பு. இன்ஃப்ளூயன்சர் என்று ஊர் சொல்கிறது. அலுவலகத்தில் நாங்கள் சுருக்கமாக 'வாய்' என்போம். "இந்த மாசம் எத்தனை வாய்ப்பா?" என்று மேலாளர் கேட்பார். நான் எண்ணிக்கை சொல்வேன்.

அலாரத்தை வீடியோவில் விற்பது கடினம். சட்டையைப் போட்டுக் காட்டலாம். முகப்பூச்சைப் பூசிக் காட்டலாம். அலாரம் கூரையில் சும்மா இருக்கும். வேலை செய்கிற அலாரமும் வேலை செய்யாத அலாரமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே எல்லாமே கடிதத்தின் முதல் வரியில்தான் இருக்கிறது. மற்ற நிறுவனங்கள் 'அன்புள்ள படைப்பாளரே' என்று ஆரம்பித்து, அடுத்த வரியிலேயே தங்கள் பொருளுக்குப் பாட்டுப் பாடும். ஒரே கடிதம் முந்நூறு பேருக்குப் போகும். நான் அப்படிச் செய்ததில்லை. ஒருவருடைய வீடியோக்களில் இருபதையாவது முழுதாகப் பார்க்காமல் அவருக்கு ஒரு வரி எழுதியதில்லை. உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒருவருக்கு, 'உங்கள் இடது தோள் வலி குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்' என்று எழுதினேன். அவர் தோள்வலி பற்றி எங்கும் பேசியதில்லை. பை தூக்கும்போது கை மாற்றுவதை நான் பார்த்திருந்தேன். 'எங்கம்மாகூட இதைக் கவனிக்கல சார்' என்று பதில் போட்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். மறுவாரம் எங்கள் அலாரத்தைப் பற்றி நாற்பது நொடி பேசினார்.

தங்களைக் கவனிக்கிறவனுக்கு மனிதர்கள் எதையும் கொடுப்பார்கள். நான் கேட்டது நாற்பது நொடி.

அவர்களுக்கு அனுப்பும் அலாரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது பின்னால் தேவைப்படும். ஒரு முறை நான் ஒரு வாயின் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலின் ஒரு கால் உடைந்திருந்தது. அந்த இடத்தில் பல நிறுவனங்கள் இலவசமாக அனுப்பிய பெட்டிகளை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். எங்களுடையது கீழிருந்து இரண்டாவது. கேமரா முன்னால் பிரிப்பார்கள், சிரிப்பார்கள், மூடி வைப்பார்கள். மாட்டுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் இல்லை. அடுத்த நாள் மேலாளரிடம் ஒரு யோசனை சொன்னேன். பட்டியலில் உள்ளவர்களுக்கு டம்மி போதும். பச்சை விளக்கு எரியும். பட்டனை அழுத்தினால் கத்தும். புகையை முகரும் பாகம் மட்டும் உள்ளே இருக்காது. பொருளின் விலையில் பாதி அந்தப் பாகம்தான்.

மேலாளர் தாடையைத் தடவினார்.

"என்னப்பா இது, ஏமாத்துற மாதிரி இல்ல?"

"துணிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மைக்கு வயித்துல குடல் இருக்கா சார்?"

சிரித்தார். கையெழுத்துப் போட்டார். கிடங்கில் அந்த விதியை ஒட்டிவைத்தோம். என் பட்டியலிலிருந்து போகும் பெட்டி எல்லாம் டம்மி. விதிவிலக்கு வேண்டுமென்றால் நான் எழுதித் தர வேண்டும். விதி என் கையெழுத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

இப்போது அந்த அம்மாவைப் பற்றி.

பார்க்கிறவர்கள் அவரைப் பொறுமை அக்கா என்பார்கள். வீட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசுவார். எதையும் முப்பது நாள் புழங்கிப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டார். காசு வாங்கமாட்டார். ஒரு துடைப்பத்தைப் பற்றி முப்பதாம் நாள் சொன்னார்: "துடைப்பம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பெருக்கணும்னு தோணல." அந்தத் துடைப்பம் மூன்று நாளில் கடைகளில் தீர்ந்துபோனது. பார்ப்பவர்கள் நாற்பதாயிரம் பேர்தான். நாங்கள் பேசும் மற்ற வாய்களுக்கு லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் அந்த லட்சம் பேர் வேடிக்கை பார்க்கிறவர்கள். இந்த நாற்பதாயிரம் பேர் நம்புகிறவர்கள்.

என் மனைவியும் அதில் ஒருத்தி. சாப்பிடும்போது தட்டுக்கு எதிரில் அந்த அக்காவைச் சாய்த்து வைத்துக்கொள்வாள்.

"அவங்க சொன்னா கண்ணை மூடிட்டு வாங்குவேன்."

"நான் சொன்னா?"

"நீங்க சொன்னா கடையில போய் ரெண்டு பேரைக் கேட்டுட்டு வாங்குவேன்."

அன்றைக்கே அக்காவைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அக்காவின் வீடியோக்கள் நூற்றுப்பத்து இருந்தன. எல்லாவற்றையும் பார்த்தேன். வீடு இரண்டாம் மாடி. சமையலறை ஜன்னல் பின்பக்கப் படிக்கட்டைப் பார்த்து இருக்கிறது. கொண்டி பழுது. முழுதாக மூடாது. அதைப் பற்றி இரண்டு முறை சலித்துக்கொண்டிருக்கிறார். நிறுவனங்கள் அனுப்பும் அட்டைப்பெட்டிகளை ஜன்னலுக்கு வெளியே, படித்திருப்பத்தில் அடுக்கி வைத்திருப்பார். எடைக்குப் போட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் சொல்வார். போட மாட்டார். பொறுமை அங்கேயும் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு மேல் கிளம்பி, பன்னிரண்டு வரை மார்க்கெட்டில் இருப்பார்.

கணவர் அச்சகத்தில் இரவுப் பணி. காலை எட்டு மணிக்கு வந்து, பிற்பகல் இரண்டு வரை உள்ளறையில் தூங்குவார். வீடியோவின் பின்னணியில் குறட்டை கேட்கும். "இடி விழுந்தாலும் எழுந்துக்க மாட்டார். மூக்குப் பக்கத்துல காப்பியைக் கொண்டு வச்சாத்தான் உண்டு" என்பார் அக்கா. பார்ப்பவர்கள் அவருக்குத் தூங்குமூஞ்சி மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் முகம் ஒரே ஒரு வீடியோவில் வருகிறது. பனியனோடு எழுந்து வந்து, கேமராவைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். அக்கா சிரித்துக்கொண்டே இருப்பார். அதை நான் நான்கு முறை பார்த்தேன். நல்ல மனிதர் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எட்டுக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஒன்பதாவதில், 'மாமாவின் குறட்டை சென்ற மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. மருத்துவரைப் பார்த்தீர்களா?' என்று முதல் வரி. பதில் வந்தது. 'தலையணை மாத்தினோம் தம்பி. நீங்க நல்லா கவனிக்கறீங்க. சரி, அனுப்புங்க. ஆனா முப்பது நாள்.'

அனுப்பினேன். இவருக்கு மட்டும் நிஜப் பொருள் போக வேண்டும், நிஜமாகவே மாட்டுகிறவர் இவர் ஒருவர்தான் என்று நினைத்தேன். கிடங்குக்கு எழுதித் தர வேண்டும் என்றும் நினைத்தேன். நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. என்னைக் கேட்டால், நினைப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

அக்கா நாற்காலி போட்டு ஏறி நடைக்கூடத்தில் மாட்டினார். பட்டனை அழுத்தினார். கத்தியது. பச்சை விளக்கு எரிந்தது.

முப்பத்தோராம் நாள் தொலைபேசியில் பேசினோம்.

"மாட்டிட்டேன் தம்பி. அழகா இருக்கு. தினமும் லைட்டைப் பாக்கறேன். ஆனா முப்பது நாள்ல ஒண்ணும் நடக்கலையே. நடக்காததைப் பத்தி நான் என்னன்னு பேசுவேன்?"

"பாதுகாப்பா உணர்ந்தீங்கன்னு சொல்லலாமே அக்கா."

"அதுக்கு முன்னாடியும் நான் பயப்படலையேப்பா. பொய் சொல்லக் கூடாதுல்ல? ஏதாவது நடந்தா நானே சொல்றேன். நீங்க கேக்கவே வேணாம்."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நியாயமான பெண்மணி. ஒன்றும் நடக்கவில்லை. குறை அங்கேதான் இருந்தது. குறையைச் சரிசெய்வது என் வேலை.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அதேபோல, புகைக்கு வேண்டிய அளவுக்கு மேல் நெருப்பு வைப்பவனும் முட்டாள்தான். எனக்குத் தேவைப்பட்டது புகை மட்டும். ஜன்னல் இடுக்கு வழியாக நடைக்கூடத்துக்கு வரும் அளவு. அலாரம் கத்தும். மாமா எழுவார். படிக்கட்டுக்கு வந்து, அங்கே நான் புகைய வைத்த சாக்கைக் காலால் தள்ளிவிடுவார். அக்கா காய்கறிப் பையோடு வருவார். இடி விழுந்தாலும் எழாத மனிதரை எங்கள் அலாரம் எழுப்பியிருக்கும். மாலையே வீடியோ வரும். அதில் ஒரு வார்த்தை பொய் இருக்காது. அவருடைய கொள்கையை அவ்வளவு மதித்தவன் வேறு யாரும் இல்லை.

உள்ளே ஆள் இருந்தது தெரியுமா என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். தெரியும். ஆள் இல்லாத வீட்டில் அலாரம் கத்தி யாருக்கு என்ன பயன்?

எந்தக் கடிதத்தையும் நான் முன்கூட்டியே எழுதி, நேரம் குறித்து வைத்துவிடுவேன். குறித்த நேரத்தில் அது தானாகப் போய்விடும். இந்தப் பழக்கம் இருப்பதால்தான் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது. திங்கட்கிழமை மாலையே அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். புதன்கிழமை, பதினொன்று இருபது என்று குறித்தேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு அக்கா பையோடு தெருமுனையைத் தாண்டினார். வீடியோவில் தெரிவதைவிடக் குள்ளம். நான் பின்படிக்கட்டில் ஏறினேன். டின் ஒன்றில் ஈரச் சாக்கு கொண்டுபோயிருந்தேன். புகைய வைத்தேன். ஜன்னல் ஓரம் வைத்தேன். ஜன்னல் ஓரம் என்றால் அட்டைப்பெட்டிகளின் ஓரம்தான். வேறு இடம் இல்லை. இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

எதிர்ப்புறம் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒப்பந்தத் தாளை மூன்று பிரதி எடுக்கக் கொடுத்தேன். அக்காவின் வீடியோவை நாங்கள் பயன்படுத்திக்கொள்ள, பிறகு அவர் கையெழுத்துப் போட வேண்டியது. வீணாக நிற்பது எனக்குப் பிடிக்காது.

மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"ஒரு நிமிஷம் நிறுத்துறீங்களா?"

கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏன் சார்? உங்க தாள்தான் ஓடுது."

"ஒரு சத்தம் கேக்கணும்."

"என்ன சத்தம்?"

நிறுத்தினார். தெருவில் சைக்கிள் மணி கேட்டது. ஒரு குழந்தை அழுதது. மேலே ஒன்றும் இல்லை. நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

"கேட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப ஓட்டவா?"

ஓட்டினார். ஆறாவது நிமிடம் கிடங்குக்காரருக்குச் செய்தி போட்டேன். பொறுமை அக்காவுக்குப் போன பெட்டி நிஜமா, டம்மியா. பதில் உடனே வந்தது. 'டம்மிதான் சார். நீங்க போட்ட ரூல்தானே.' கூடவே கைகூப்பும் படம் ஒன்று.

அந்த நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்கு அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்கிறேன். தெருவைக் கடக்க இருபது அடி. இரண்டு மாடி. கதவைத் தட்டினால் போதும். ஆனால் தட்டியவன் யார், அங்கே ஏன் நின்றான் என்று கேள்வி வரும். அலாரம் கத்தவில்லை என்று அக்கா சொல்வார். நடந்ததைத்தான் சொல்வார். நாற்பதாயிரம் பேரும் நம்புவார்கள். நிறுவனத்தில் அறுபது பேர் வேலை பார்க்கிறோம். அறுபது குடும்பம். ஒரு பக்கம் அறுபது, மறுபக்கம் ஒன்று. நான் கணக்கில் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் இது கடினமான கணக்கும் இல்லை.

புகை நான் நினைத்ததைவிடக் கறுப்பாக வந்தது. சாக்கு அப்படிப் புகையாது. அட்டைப்பெட்டிகளில் தீப் பிடித்துவிட்டது. உள்ளே தெர்மோகோல், பிளாஸ்டிக் உறை, பளபளக்கும் நன்றிக் கடிதங்கள். எங்கள் பெட்டியும் அதில் இருந்திருக்கும்.

ஜெராக்ஸ் கடைக்காரர் தற்செயலாகத் தலையைத் தூக்கினார்.

"ஐயையோ! அண்ணன் உள்ள தூங்குவாரே!"

அவர் யோசிக்கவே இல்லை. கடை மேசையைத் தாண்டிக் குதித்தார். "சார், கடையைப் பாத்துக்கங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

பார்த்துக்கொண்டேன். ஒரு பெண் வந்து சான்றிதழ் இரண்டு பிரதி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். சில்லறையை மேசையில் வைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கடைக்காரருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டன. கதவை உடைத்துவிட்டார். உள்ளறைவரை போக முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது பன்னிரண்டு ஆகவில்லை. அக்கா தெருமுனையிலேயே பையைப் போட்டுவிட்டார். அவர் ஓடியதை நான் பார்த்தேன். வீடியோக்களில் அவர் ஓடியதே இல்லை.

மாமாவைப் படுத்த நிலையில்தான் எடுத்தார்களாம். தூக்கத்திலேயே போய்விட்டார், வலி தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னாராம். அதை மனதில் வைத்துக்கொண்டேன். அது நல்ல வரி.

மாலையில் மேலாளர் அறைக்கு அழைத்தார். அவருக்கு எதுவும் தெரியாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவருக்கு எப்போதும் எதுவும் தெரியாது. கண் கலங்கியிருந்தது.

"பாவம்ப்பா. ரொம்பப் பாவம்." குரலைத் தாழ்த்தினார். "அந்த வீட்டுல நம்ம அலாரம் இருந்துச்சா?"

"அனுப்பினோம் சார். மாட்டினாங்களான்னு தெரியல."

"எல்லாம் எரிஞ்சிருக்கும்ல?"

"ஆமா சார்."

"ம்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்த நேரத்துல ஜனங்களுக்கு நாலு நல்லது சொல்லணும். மரியாதையா. விக்கற மாதிரி தெரியக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. உட்கார்ந்து நாற்பத்தோரு கடிதம் எழுதினேன். எல்லாருக்கும் ஒரே முதல் வரி. என் வாழ்க்கையில் முதல் முறை. 'நம் பொறுமை அக்காவின் வீட்டில் யாராவது ஒருவர் மாமாவை எழுப்பியிருந்தால்...' என்று தொடங்கினேன். புதன் காலை பதினொன்று இருபதுக்கு அவை போயின. முப்பத்தாறு பேர் பதில் போட்டார்கள். பாதிப் பேர் காசே வேண்டாம் என்றார்கள். ஒருவர் அழுதுகொண்டே பேசினார். பேசி முடித்து, விளக்கு சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை அழுதார். மூன்று நாளில் கிடங்கு காலியானது. அவை நிஜ அலாரங்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கியவர்களின் வீடுகளில் எல்லாம் இப்போது ஒழுங்காகக் கத்தும் அலாரம் இருக்கிறது. ஒருவர் தூங்கினார். எத்தனையோ பேர் விழித்துக்கொண்டார்கள். நீங்கள் வேறுவிதமாகப் பார்க்கிறீர்கள். உங்கள் தொழில் அப்படி.

என் தவறு ஒன்றே ஒன்றுதான். அதை மறைக்கமாட்டேன். நாற்பத்தோரு கடிதம் எழுதிய அவசரத்தில், திங்கட்கிழமை எழுதிய ஒரு கடிதத்தை நிறுத்த மறந்துவிட்டேன். அதுவும் அதே நேரத்துக்குத் தானாகப் போய்விட்டது. அதன் முதல் வரி: 'அலாரம் கத்தியதும் மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டாராமே அக்கா, கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.'

எழுதியது திங்கட்கிழமை என்று அந்தக் கடிதமே காட்டுகிறது. அதை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். நல்ல வேலை. நீங்களும் கவனிக்கிறவர்தான்.

பதினொன்று இருபத்தாறுக்கு அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஆறே நிமிடம். மூன்று வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் யாரும் பதில் போட்டதில்லை. என் கைபேசி இப்போது உங்களிடம் இருக்கிறது. நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. அனுப்பக் கூடாது என்று இல்லை. முதல் வரி சரியாக அமையவில்லை, அவ்வளவுதான். நீங்கள் அந்தக் குரல் செய்தியை மறுபடியும் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. எனக்கு மனப்பாடம்.

"தம்பி, மாமா எழுந்து உட்கார்ந்தாராமேன்னு போட்டிருக்கீங்க... எழுந்தாரா தம்பி? யார் பாத்தாங்க? எழுந்து என்னைத் தேடினாரா?"